பணத்துக்குப் பெயராகிப் போன டாக்டரம்மா

பெரம்பலூர், அரியலூர் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் மாசமாக இருக்கும் பெண்கள் நர்ஸம்மாவிடம் கேட்பது இதுதான்: "முத்துலட்சுமி ரெட்டி பணம் எப்பக்கா வரும்?" ஊட்டச்சத்துப் பெட்டியும் சேர்த்து மொத்தம் 18,000 ரூபாய். முதல் இரண்டு பிரசவத்துக்குக் கிடைக்கும். நாள் தள்ளியதுமே, 12 வாரத்துக்குள் பெயரைப் பதிந்துவிடுங்கள். சரி, யார் அந்த முத்துலட்சுமி?

நமக்குப் பக்கத்துச் சீமைக்காரர்தான். 1886-ல் புதுக்கோட்டையில் பிறந்தார். ஆண்கள் படித்த மகாராஜா கல்லூரியில் இடம் வாங்கி, 1912-ல் சென்னையில் டாக்டரானார். 1927-ல் சென்னை சட்டசபையில் துணைத் தலைவர்.

பதவியைவிட அவர் பெரிதாக நம்பியது பேச்சையும் எழுத்தையும்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. இந்திய மாதர் சங்கத்தின் 'ஸ்திரீ தர்மா' பத்திரிகைக்கு ஆசிரியராக இருந்தார். சிறுமிகளைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டிவிடும் வழக்கத்தை எதிர்த்து ஓயாமல் எழுதினார். அவருடைய தாயாரே அந்தச் சமூகத்தில் பிறந்தவர். ஊரார் வாய்க்கு அது அவலாயிற்று. அம்மா அசரவில்லை! மசோதா கொண்டுவந்தார். 1930-ல் காந்தியடிகள் கைதானதும் பதவியை உதறினார். பொட்டுக் கட்டுவதைத் தடுக்கும் சட்டம் வந்தது 1947-ல்தான். பதினேழு வருஷம்! ஒரு கடிதத்துக்குப் பதில் வரவில்லையென்றாலே நாம் சலித்துப் போகிறோமே.

அந்த வழக்கத்திலிருந்து தப்பி வந்த பெண்களுக்கு விடுதிகளில் இடம் கொடுக்கவில்லை. தம் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். அதுதான் அவ்வை இல்லமாக வளர்ந்தது.

தங்கை புற்றுநோயில் இறந்தது அவரை விடாமல் வாட்டியது. "எப்படியும் சாகப் போறவங்களுக்குத் தனி ஆஸ்பத்திரி எதுக்கு?" என்று நினைத்த காலம் அது. மாதர் சங்கத்தோடு சேர்ந்து வீடு வீடாக, ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினார். 1954-ல் அடையாறில் 12 படுக்கையோடு புற்றுநோய் மருத்துவமனை திறந்தது. மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி அங்கே வேலை பார்த்தார். அடுத்த வருஷம் டாக்டர் சாந்தா வந்து சேர்ந்தார். முத்துலட்சுமி 1968-ல் காலமானார். சாந்தா 2021-ல் கண்மூடும்வரை அந்த வளாகத்திலேயே குடியிருந்தார்.