இரயில் வழியே ஒரு நாள்: தலைநகருக்குக் குடும்பப் பயணம்

பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டால், தோட்டங்களிலிருந்து தலைநகர் காண வரும் குடும்பங்கள் பெருகுகின்றன. உழைத்துச் சேர்த்த பணத்தில் ஒரு பகுதியைப் பிள்ளைகளின் மகிழ்ச்சிக்கென ஒதுக்குவது வரவேற்கத்தக்கதே. ஆயினும், அண்மையில் நாம் சென்றிருந்த ஒரு தோட்டத்தில் மூதாட்டி ஒருவர் கூறியது நம் சிந்தனையைத் தூண்டியது. "கோலாலம்பூருக்குப் போனோம் ஐயா. காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் ஒரே கடைக்குள்ளே மேலேயும் கீழேயும் போய் வந்தோம். முந்நூறு வெள்ளி முடிஞ்சுது. என்னடா பார்த்தேன்னு கேட்டா, பேரன் சொல்லத் தெரியாம முழிக்கிறான்" என்றார் அவர்.

பேரங்காடிக்குச் செல்வது குற்றமன்று. ஆனால், அதைவிடக் குறைந்த செலவில், பிள்ளைகள் நெடுநாள் பேசிக்கொண்டிருக்கத் தக்க ஒரு நாளை நாம் அமைத்துக்கொள்ள இயலும். அதற்கு நல்ல வழிகாட்டி இரயில் பாதையே. பத்துமலை, பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான், துறைமுகம் ஆகிய யாவும் கொமுட்டர் இரயில் செல்லும் தடத்திலேயே இருக்கின்றன. கே.எல். சென்ட்ரல் நிலையத்தில் வண்டி மாறிக்கொண்டால் போதும்.

வெயில் ஏறுமுன் பத்துமலையை அடைவது நலம். 42.7 மீட்டர் உயரமுள்ள முருகன் சிலை 2006ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் திறந்துவைக்கப்பட்டது. அதனைக் கண்டு வியக்கும் பிள்ளைகளுக்கு, இக்கோயிலை நிறுவிய தம்புசாமிப் பிள்ளையைப் பற்றியும் பெற்றோர் எடுத்துரைத்தல் வேண்டும். இங்குத் தைப்பூசம் 1892ஆம் ஆண்டு முதல் கொண்டாடப்பட்டு வருகின்றது. அதே தம்புசாமிப் பிள்ளை, சீனப் பெருவணிகர் லோக் இயூவுடன் கூட்டுச் சேர்ந்து, 1894ஆம் ஆண்டில் ரவாங்கிலுள்ள தம் ஈயச் சுரங்கத்தில் மின்னாக்கப் பொறியை நிறுவினார். இந்நாட்டில் மின்சாரம் உண்டாக்கப்பட்டதற்குக் கிடைக்கும் மிகப் பழைய சான்று அதுவே. கோயில் கட்டியவரே மின்விளக்குக் காலத்திற்கும் வழிவகுத்தார் என்று கேட்டால், பிள்ளைகளின் கண்கள் விரியும்.

மேற்குகைக்குச் செல்ல 272 படிகள் ஏறவேண்டும். 1920ஆம் ஆண்டில் அமைக்கப்பட்டவை மரப்படிகள். சிமெண்டுப் படிகள் பின்னர் வந்தவை. மூட்டுவலி உள்ள பெரியவர்கள் பிடிவாதமாக ஏற வேண்டியதில்லை. அடிவாரத்திலேயே வணங்கத்தக்க சந்நிதிகள் உள. நிலையத்தின் அருகில் 15 மீட்டர் உயர அனுமார் சிலையும் நிற்கின்றது. குரங்குகள் பையைப் பறிக்கும். ஆதலின் தின்பண்டங்களைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு படியேறலாகாது.

பத்துமலையிலிருந்து கே.எல். சென்ட்ரலை அடைந்தால், வெளியே வந்ததும் பிரிக்பீல்ட்ஸ். 1881ஆம் ஆண்டில் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரின் அத்தாப்பு வீடுகளை அழித்தபின், செங்கல்லால் வீடு கட்ட வேண்டுமென்று சுவெட்டன்ஹாம் வலியுறுத்தினார். அதற்கான செங்கற் சூளைகள் இங்கு எழுந்தமையால் வந்த பெயர் இது. பின்னர் இரயில்வே பணிமனைகளும் ஊழியர் குடியிருப்புகளும் வந்தன. தண்டவாளம் பதித்த தமிழரும், நிலைய அலுவலகங்களில் எழுத்தராய் அமர்ந்த யாழ்ப்பாணத் தமிழரும் இங்கு வாழ்ந்தனர். 2010ஆம் ஆண்டு அக்டோபரில் இது 'லிட்டில் இந்தியா' எனத் திறந்துவைக்கப்பட்டது. பூக்கடை, துணிக்கடை, வாழையிலைச் சாப்பாடு எல்லாம் ஒரே தெருவில் கிடைக்கும். பார்வையற்றோர் சங்கமும் இப்பகுதியிலேயே இயங்குவதால், நடைபாதையில் மேடுபள்ளமாய் மஞ்சள் நிறக் கற்கள் பதிக்கப்பட்டிருப்பதைக் காணலாம். அவை கோலால் தடவிச் செல்வோருக்கு வழி. அதன்மேல் நின்று படம் பிடிக்காதிருக்கப் பிள்ளைகளுக்குக் கற்பியுங்கள்.

உணவுக்குப் பின் சற்று இளைப்பாற விரும்புவோர் நிலையத்திலிருந்து நடந்தே தேசிய அரும்பொருளகத்திற்குச் செல்லலாம். 1945இல் நேச நாட்டு விமானங்களின் குண்டுவீச்சில் சிதைந்த சிலாங்கூர் அரும்பொருளகம் இருந்த இடத்தில் எழுப்பப்பட்டு, 1963 ஆகஸ்டு 31ஆம் நாள் திறக்கப்பட்டது இது.

இரட்டைக் கோபுரத்தைக் காணாமல் திரும்புவதா என்று கேட்பீர்கள். சென்ட்ரலிலிருந்து எல்.ஆர்.டி. வண்டி அங்கே செல்கின்றது. 452 மீட்டர் உயரக் கோபுரங்களைக் கீழேயுள்ள பூங்காவிலிருந்து கட்டணமின்றிக் கண்டு களிக்கலாம். சிறுவர் நனைந்து விளையாட ஆழமில்லாக் குளமும் உண்டு. மாற்றுடை எடுத்துச் செல்க. ஆனால், அன்று கிள்ளானை விட்டுவிட வேண்டியிருக்கும். ஆசிரியப் பணியில் மாணாக்கரைச் சுற்றுலா அழைத்துச் சென்ற அனுபவத்தில் சொல்கிறோம்: ஒரு நாளில் மூன்று இடங்களுக்கு மேற்பட்டால் பிள்ளைகளின் நினைவில் எதுவும் நிற்பதில்லை.

நம்மைக் கேட்டால், கிள்ளானையே தேர்ந்தெடுப்போம். கோலாலம்பூரையும் கிள்ளான் அருகிலுள்ள புக்கிட் கூடாவையும் இணைத்த இரயில் 1886ஆம் ஆண்டில் ஓடத் தொடங்கியது. ஆற்றின்மேல் பாலம் அமைந்து கிள்ளான் நகருக்குள் வண்டி நுழைந்தது 1890இல். நிலையத்திலிருந்து நடக்கும் தொலைவில் தெங்கு கிளானா சாலை. புடவையும் முறுக்கும் பாத்திரமும் வாங்க இதைவிட ஏற்ற தெரு இல்லை. அண்மையில் ராஜா அப்துல்லா 1857இல் கட்டிய ஈயக் கிடங்கும் நிற்கின்றது.

இந்நகரைப் பற்றித் தோட்டப் பிள்ளைகள் அறிய வேண்டிய செய்தி மற்றொன்று உண்டு. 1941ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத்து இரப்பர்த் தோட்டங்களில் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி, தோட்டங்களில் கள்ளுக்கடை மூடல் ஆகியவற்றோடு, துரையைக் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பதும் அவர்தம் கோரிக்கை. தலைவர் ஆர்.எச். நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் உயிரிழந்தனர். இன்று பிள்ளைகள் மிதிவண்டியை விட்டு இறங்காமல் செல்வது தாமாக வந்த உரிமையன்று.

மேலும் சில நிலையங்கள் சென்றால் பாதை முடிகின்றது. 1901இல் திறக்கப்பட்ட சுவெட்டன்ஹாம் துறைமுகம் 1972இல் கிள்ளான் துறைமுகம் எனப் பெயர் மாறியது. நாகப்பட்டினத்திலிருந்து 'ரஜூலா' போன்ற கப்பல்களில் வந்தோர் பலர் இங்கேதான் இறங்கி, இங்கிருந்தே தோட்டங்களுக்குச் சென்றனர். நிலையத்தின் அருகிலுள்ள படகுத்துறையிலிருந்து கெத்தாம் தீவுக்குப் படகு செல்கின்றது; நேரமிருந்தால் மற்றொரு நாள் அதற்கென வரலாம். பிள்ளைகள் கரையில் நின்று கப்பல்களைக் காணட்டும். உடன்வந்த பாட்டனாருக்குத் தம் தந்தையார் வந்திறங்கிய கதை தெரிந்திருக்குமாயின், அதைச் சொல்லத் தக்க இடம் இதுதான்.

புறப்படுமுன் சில குறிப்புகள். இரயில் நேரங்களை முன்னரே கேட்டறிக; ஒரு வண்டியைத் தவறவிட்டால் நெடுநேரம் காத்திருக்க நேரும். டச் அண்ட் கோ அட்டையில் போதிய பணம் இருக்கட்டும். கொமுட்டரில் பெண்களுக்கெனத் தனிப்பெட்டி உண்டு. தாயும் தந்தையும் வெவ்வேறு பெட்டியில் ஏறினால், எந்தப் பிள்ளை யாருடன் வருகின்றது, எந்த நிலையத்தில் இறங்குவது என்பவற்றை மேடையிலேயே பேசி முடித்துக்கொள்க. தொலைபேசி எண்ணை எழுதிச் சிறு பிள்ளைகளின் சட்டைப் பையில் வைத்துவிடுங்கள்.