“மறுபடியும் சொட்டு மருந்தா?” – ஆரணி தாய்மார்களின் கேள்விக்கு வேலூரில் கிடைத்த விடை!

ஆரணி,

பட்டுத்தறிக்கு கைதானே வேலை என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். அதுதான் இல்லை! குழித்தறியில் உட்காருகிறவர் இரண்டு காலையும் குழிக்குள் தொங்கவிட்டு, மிதிக்கட்டைகளை மாற்றி மாற்றி மிதிக்க வேண்டும். மிதித்தால்தான் பாவு பிரியும். பாவு பிரிந்தால்தான் நாடா ஓடும். கால் சூம்பினால் பிழைப்பும் சூம்பிப் போகும்.

குழந்தைகளின் காலைக் குறிவைத்துத் தாக்கும் நோய்தான் இளம்பிள்ளை வாதம் என்ற போலியோ. அதைத் தடுக்கும் மருந்து இரண்டே சொட்டு. காசும் கிடையாது. ஆனாலும் முகாம் என்றதும் ஆரணி, சேவூர், தேவிகாபுரம் பக்கத்து வீடுகளில் எழக்கூடிய கேள்வி ஒன்று உண்டு. “போன தடவைதானே போட்டோம், மறுபடியும் எதுக்கு?”

நியாயமான கேள்விதான். இதற்கு விடை கிடைத்த இடம் டெல்லியோ அமெரிக்காவோ அல்ல. இங்கிருந்து சுமார் 40 கிலோ மீட்டரில் உள்ள வேலூர்! ஆரணியும் அன்று வட ஆற்காடு மாவட்டத்தில்தான் இருந்தது.

மூன்று தவணை போதவில்லை

மேல்நாட்டில் மூன்று தவணை போட்டால் பெரும்பாலான குழந்தைகளுக்கு எதிர்ப்பு சக்தி வந்துவிடும். நம் ஊர் குழந்தைகளுக்கும் அதே கணக்கு என்றுதான் நம்பினார்கள். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை வைரஸ் நிபுணர் டாக்டர் டி.ஜேக்கப் ஜான் ரத்தத்தைச் சோதித்துப் பார்த்தார். மூன்று தவணைக்குப் பிறகும் பல குழந்தைகளுக்கு எதிர்ப்பு சக்தி வரவில்லை! 1972-ல் இந்த முடிவு வெளியானது.

அப்படியானால் கூடுதல் தவணை தர வேண்டும். 1980-களின் தொடக்கத்தில் வேலூர் நகரில் இன்னொரு வழியும் சோதிக்கப்பட்டது. குழந்தைகளுக்குத் தனித்தனியே கொடுக்காமல், ஊர் முழுக்க ஒரே நேரத்தில் கொடுப்பது. போலியோ கிருமி ஒரு குடலிலிருந்து மலம் வழியாக இன்னொரு வாய்க்குப் போகிறது. எல்லாக் குழந்தைகளின் குடலையும் மருந்து ஒரே சமயத்தில் பிடித்துக்கொண்டால் கிருமி எங்கே தங்கும்? நகரில் நோய் அடங்கியது.

1995-ல் நாடு முழுவதும் இதே முறை வந்தது. சுண்டு விரலில் மை வைக்கும் ஞாயிற்றுக்கிழமைகள் பிறந்தது அப்படித்தான். தமிழ்நாட்டில் 2004-க்குப் பிறகு போலியோ இல்லை. இந்தியாவின் கடைசி நோயாளி 2011 ஜனவரியில் மேற்கு வங்காளத்தில் கண்டறியப்பட்ட ஒரு சிறுமி. 2014 மார்ச் 27-ல் உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது.

அப்புறம் ஏன் இன்னும்?

பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் கிருமி இன்னும் உயிரோடு இருக்கிறது. கிருமி தொற்றிய சுமார் 200 பேரில் ஒருவருக்குத்தான் கால் விழும். மற்றவர்கள் ஓடியாடிக்கொண்டே பரப்புவார்கள். பார்த்தால் தெரியாது, வம்பே அங்கேதான்!

கூடுதல் தவணையால் கெடுதல் இல்லை. லேசான சளி, காய்ச்சல் இருந்தாலும் போடலாம். முகாமில் போட்டாலும் வழக்கமான தவணைகளை நிறுத்தக்கூடாது. பிறந்ததும் ஒன்று, பிறகு 6, 10, 14-வது வாரங்களில் சொட்டு மருந்து; இடையில் போலியோ ஊசியும் உண்டு. ஒன்றரை வயதில் மீண்டும் ஒரு தவணை. தவணை விட்டுப்போன குழந்தையை அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அட்டையோடு தூக்கிக்கொண்டு போகலாம். அட்டை தொலைந்திருந்தாலும் திருப்பி அனுப்பமாட்டார்கள்.