சத்தம் போடாத பிழைகள்

இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள மருதமுனையில் அமீனாவும் உண்டு, ஆமினாவும் உண்டு. ஒரு சங்கத்தின் அங்கத்தவர் பட்டியலில் இருவரும் இருப்பது சாதாரண விஷயம். ஆனால் அந்தப் பட்டியல் பாமினி எழுத்துருவில் தட்டச்சாகி மைக்ரோசொஃப்ட் அக்சஸ் தரவுத்தளக் கோப்பில் கிடந்தால், கணினிக்கு இருவரும் ஒரே ஆள்.

காரணம் எளிது. பாமினியில் திரையில் தெரிவது தமிழ். உள்ளே சேமிக்கப்படுவது ஆங்கில எழுத்து. ‘அ’ என்பது சிறிய எம், ‘ஆ’ என்பது பெரிய எம். குறில் இகரத்தின் விசிறி சிறிய பி, நெடிலின் சுழி பெரிய பி. அக்சஸ் பெரிய எழுத்து, சிறிய எழுத்து பேதம் பார்ப்பதில்லை. எஸ்கியூஎல் சேர்வர், மைஎஸ்கியூஎல் ஆகிய தரவுத்தளங்களும் வழக்கமாக நிறுவப்படும் நிலையில் அப்படித்தான். ஆகவே அமீனாவைத் தேடினால் ஆமினாவும் வருவார். மென்பொருள் எழுதியவர் ‘முதலில் கிடைக்கும் பதிவை எடு’ என்று எழுதியிருந்தால், ஒருவர் கட்டிய சந்தா மற்றவர் பெயரில் ஏறும். திரையில் எந்த எச்சரிக்கையும் வராது.

இதே பாமினியில் ‘இ’ என்ற எழுத்து இருப்பது காற்புள்ளியின் இடத்தில். மெய்யெழுத்தின் புள்ளி இருப்பது அரைப்புள்ளியின் இடத்தில். பழைய பட்டியலைப் புதிய இணையச் செயலிக்கு மாற்றுவதற்காக, காற்புள்ளியால் நிரல்களைப் பிரிக்கும் கோப்பாக ஒருவர் அவசரத்தில் ஏற்றுமதி செய்கிறார் என்று வையுங்கள். மதிப்புகளை மேற்கோள் குறிக்குள் அடைக்காமல் விட்டால் இஸ்மாயில், இப்றாஹீம், இர்ஃபான் எல்லோருடைய பெயரும் முதலெழுத்திலேயே உடையும். பெயர் நிரல் வெறுமையாகும். பெயரின் மீதி முகவரிக்குள் போகும். முகவரி தொலைபேசிக்குள் போகும். அகமதுவும் கலீலும் தப்பிவிடுவார்கள். மாதிரிக்குப் பத்துப் பெயரைச் சரிபார்க்கும்போது அந்தப் பத்திலும் ‘இ’யில் தொடங்கும் பெயர் இல்லாவிட்டால் எல்லாம் சரி என்றுதான் தோன்றும்.

தரவுத்தளப் பிழைகளில் பிழைச் செய்தியோடு வருபவை மலிவானவை. வேலை நிற்கும், வரிசை நீளும், முதலாளி கோபப்படுவார், யாரையாவது கூப்பிட்டுச் சரிசெய்வார்கள். செய்தி இல்லாமல் நடப்பவைதான் வருடக்கணக்காக ஓடுகின்றன. அவற்றில் கணிசமான பங்கு, சத்தத்தை நிறுத்துவதற்காக நாமே செய்த ‘திருத்தங்களால்’ வந்தவை.

கல்முனையிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் விஷுவல் பேசிக் 6இல் எழுதிய கடைக் கணக்கு மென்பொருள்களை இன்றும் காணலாம். அந்தப் பதிப்பு 1998இல் வந்தது. அதை எழுதும் கருவிக்கு மைக்ரோசொஃப்ட் ஆதரவை நிறுத்தியது 2008 ஏப்ரலில். அதில் ‘ஒன் எரர் ரெசியூம் நெக்ஸ்ட்’ என்று ஒரு வரி உண்டு. பிழை வந்தால் பேசாமல் அடுத்த வரிக்குப் போ என்பது பொருள். வாடிக்கையாளர் ‘திரையில் ஏதோ இங்கிலீஷில் பெட்டி வருகிறது’ என்று முறையிட்டால், சிலர் செய்யும் பரிகாரம் இந்த வரியை மேலே ஒட்டுவதுதான். பெட்டி போய்விடும். பில் அச்சாகும். ஆனால் இருப்பைக் குறைக்கும் கட்டளை தோற்றிருக்கலாம், கடன் பேரேட்டில் வரவு ஏறாமல் இருக்கலாம். தறியில் இழை அறுந்தால் நெசவாளி நிறுத்தி முடிச்சுப் போடுவார். இந்த வரி, அறுந்த இழையோடு சாரம் முழுவதையும் நெய்து முடிக்கிறது. புதிய மொழிகளிலும் இதற்குச் சமமானது உண்டு: பிழையைப் பிடித்து உள்ளே ஒன்றுமே எழுதாமல் விடும் வெற்றுப் பொறி. மொழி மாறினாலும் பழக்கம் மாறவில்லை.

திகதி இன்னொரு கண்ணி. அக்சஸின் எஸ்கியூஎல் (தரவுத்தளத்திடம் வேலை சொல்லும் மொழி) கட்டளைக்குள் நேரடியாக எழுதப்படும் திகதியை, விண்டோஸின் அமைப்பு என்னவாக இருந்தாலும், அது அமெரிக்க முறைப்படி மாதம் முதலில் என்றே படிக்கும். 05/06 என்று நாம் ஜூன் ஐந்தைச் சொன்னால் அது மே ஆறு என்று எடுத்துக்கொள்ளும். 25/06 என்றால் இருபத்தைந்தாம் மாதம் இல்லாததால் புரட்டிப்போட்டு ஜூன் இருபத்தைந்து என்று சரியாகவே படிக்கும். அதாவது ஒவ்வொரு மாதமும், நாளும் மாதமும் ஒரே எண்ணாக வரும் ஒரு நாளைத் தவிர, பன்னிரண்டாம் திகதி வரை அறிக்கை பிழை, பதின்மூன்றிலிருந்து சரி. மென்பொருளை இருபதாம் திகதி சோதித்து ஒப்படைத்தவருக்கு இது ஒருபோதும் தெரியவராது. திகதியைக் கட்டளைக்குள் எழுத்துச் சரமாக ஒட்டாமல், தனியான அளவுருவாகக் கொடுத்தால் இந்தப் பிரச்சினையே எழாது.

சரமாக ஒட்டும் பழக்கத்தின் பெரிய ஆபத்து பெயர்களில் வெளிப்படும். மஸ்ஊத், சஃதுல்லா போன்ற அரபுப் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதும்போது சிலர் நடுவில் ஒற்றை மேற்கோள் இடுவார்கள். எஸ்கியூஎல்லில் ஒற்றை மேற்கோள் என்றால் சரம் முடிந்தது என்று பொருள். படிவத்தில் அந்தப் பெயரை இட்டதும் கட்டளை உடைந்து பிழைச் செய்தி வரும். வழக்கமான பரிகாரம்: ‘மேற்கோள் குறியை அனுமதிக்காதே’ என்று ஒரு சோதனையை உலாவியில் சேர்ப்பது. மஸ்ஊத் தன் பெயரை மாற்றி எழுதிக்கொள்வார். பெயருக்குள் கட்டளையைச் செருகித் தரவை எடுக்கக்கூடிய ஓட்டை அப்படியே இருக்கும், ஏனெனில் உலாவியில் வைத்த சோதனையைத் தாண்டிப்போகத் தெரிந்தவருக்கு அது ஒரு தடையே இல்லை.

இந்த ஓட்டை 1998 டிசம்பரில் ‘ஃபிராக்’ என்ற ஹேக்கர் இதழில் விவரிக்கப்பட்டது. பதினேழு வருடம் கழித்து, 2015 ஒக்டோபரில், பிரித்தானியாவின் டோக்டோக் தொலைத்தொடர்பு நிறுவனம் இதே வழியில் 1,56,959 வாடிக்கையாளர்களின் விவரங்களைப் பறிகொடுத்தது. அந்நாட்டுத் தகவல் ஆணையாளர் அலுவலகம் 4 இலட்சம் பவுண் தண்டம் விதித்தது. டோக்டோக்குக்கும் உள்ளூர் டியூஷன் நிலையத்தின் பதிவுப் படிவத்துக்கும் இந்த விஷயத்தில் வேறுபாடு இல்லை. ஆகவே ஒரு சாதாரண சோதனை: உங்கள் படிவத்தில் மேற்கோள் குறி உள்ள பெயரை இட்டுப் பாருங்கள். பெயர் அப்படியே சேமிக்கப்பட வேண்டும். தரவுத்தளத்தின் பிழைச் செய்தி திரையில் கொட்டினால் அந்தச் செயலியை இணையத்தில் வைத்திருக்கக்கூடாது.

யூனிகோடுக்கு மாறியவர்கள் முழுதாகத் தப்பிவிட்டதாக எண்ண வேண்டாம். எஸ்கியூஎல் சேர்வரில் யூனிகோடு வகை அல்லாத சாதாரண எழுத்து நிரலில் தமிழை இட்டால் பெயரின் இடத்தில் கேள்விக்குறிகள் வரிசையாகச் சேமிக்கப்படும். அது காட்சிக் கோளாறு அன்று; எழுத்துருவை மாற்றி மீட்க முடியாது. தமிழ் அங்கேயே அழிந்துவிட்டது.

அடையாள அட்டை இலக்கத்தைத் திறவுகோலாக வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல். 2016இலிருந்து பன்னிரண்டு இலக்க அட்டை வந்தது. பழைய ஒன்பது இலக்கத்துக்கு முன்னால் 19 சேர்த்து, தொடரிலக்கத்துக்கு முன்னால் ஒரு பூச்சியமிட்டு, கடைசி ஆங்கில எழுத்தை நீக்கினால் புதிய வடிவம் வந்துவிடும். அட்டையைப் புதுப்பித்த ஒருவர் இரண்டு வடிவத்திலும் பதிவாகி, ஒரே ஆள் இரண்டு கடன்காரராக நிற்பதைத் தடுக்க வேண்டுமானால் பதியும்போதே ஒரே வடிவத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். தொலைபேசி இலக்கத்தை எண்ணாகச் சேமித்தால் 067இன் முன்பூச்சியம் போய்விடும் என்பதும் தெரிந்ததுதான், ஆனாலும் போய்க்கொண்டே இருக்கிறது.

பெருநாள் சீசன். கைத்தறிச் சேலைக் கடையில் இரண்டு கவுண்டர். ஒரு வடிவத்தில் கடைசிச் சேலை. இரண்டு கணினியும் ஒரே நொடியில் இருப்பைப் படிக்கின்றன: ஒன்று. இரண்டும் விற்கின்றன, இரண்டும் பூச்சியம் என்று எழுதுகின்றன. தரவுத்தளத்தின் பார்வையில் கணக்கு ஒழுங்கு. இருப்பைப் படித்து, கணக்கிட்டு, திருப்பி எழுதும் மூன்று படிகளுக்குப் பதிலாக ‘இருப்பு பூச்சியத்துக்கு மேல் இருந்தால் மட்டும் ஒன்றைக் குறை’ என்று ஒரே கட்டளையாகக் கொடுத்து, எத்தனை பதிவு மாறியது என்று பார்க்க வேண்டும். பூச்சியம் பதிவு மாறியிருந்தால் சேலை இல்லை.

மின்சாரம் போகும் நாட்டில் பரிவர்த்தனை (எல்லாப் படியும் நடக்கும், இல்லாவிட்டால் எதுவும் நடக்காது) என்ற ஏற்பாடு இல்லாமல் பில் மென்பொருள் எழுதுவது எனக்கு இன்றுவரை விளங்காத துணிச்சல். 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேர மின்வெட்டு. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கால் நாடு முழுவதும் இருண்டது. பில் தலைப்பு, பொருள் வரிகள், இருப்புக் குறைப்பு, கடன் பேரேடு ஆகிய நான்கையும் ஒரே பரிவர்த்தனைக்குள் அடைக்காவிட்டால், மின்சாரம் போன நொடியில் இரண்டு மட்டும் எழுதப்பட்டு நிற்கும். அக்சஸ் கோப்பென்றால் கோப்பே திறக்காமல் போகலாம். அப்போது ‘கொம்பக்ட் அண்ட் ரிப்பெயார்’ பொத்தானை அழுத்துவார்கள். அதற்கு முன் கோப்பை வேறிடத்தில் பிரதியெடுக்க வேண்டும், ஏனெனில் அந்தப் பழுதுபார்ப்பு சரிசெய்ய முடியாத பதிவுகளைக் கழித்துவிடக்கூடும். சந்தித்த பிழைகளை ஒரு தனி அட்டவணையில் குறித்தும் வைக்கும். அதைத் திறந்து பார்ப்பவர் குறைவு.

எல்லைகளும் சத்தமில்லாமல் தாக்கும். 2020 ஒக்டோபரில் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார நிறுவனம் 15,841 கொரோனா தொற்றாளர்கள் நாளாந்தக் கணக்கில் விடுபட்டதை ஒப்புக்கொண்டது. பழைய எக்செல் கோப்பு வடிவம் 65,536 வரிகளுக்கு மேல் தாங்காது. அதற்கு மேல் வந்தவை உதிர்ந்துவிட்டன. அவர்களோடு தொடர்புடையவர்களைத் தேடும் வேலை நாட்கணக்கில் தாமதித்தது. அக்சஸுக்கு 2 ஜிபி எல்லை. படங்களையும் ஸ்கேன் செய்த ஆவணங்களையும் உள்ளேயே திணிப்பவர்கள் அந்த எல்லையை விரைவில் தொடுவார்கள்.

இனிப் பேக்கப். 2021 ஜூலையில் தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையின் தரவுத்தளத்திலிருந்து தரவு அழிந்தது. விவகாரம் குற்றப் புலனாய்வுத் திணைக்களம் வரை போய், பராமரிப்பு நிறுவனத்தின் மென்பொருள் பொறியியலாளர் ஒருவர் கைதானார். இரண்டு வருடம் கழித்து, 2023 ஓகஸ்ட் 26இல், லங்கா அரசாங்கக் கிளவுடை, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வெயார் தாக்கியது. ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. அமைச்சரவை அலுவலகமும் அதில் அடங்கும். மே 17இலிருந்து தாக்குதல் நாள் வரையான அஞ்சல்கள் மீளவில்லை. இணைப்பிலேயே இருந்த பேக்கப்பும் சேர்ந்து பூட்டப்பட்டது. இணைப்பைத் துண்டித்து வைத்த பிரதி அந்தக் காலத்துக்கு இல்லை. ஓடிக்கொண்டிருந்தது மைக்ரோசொஃப்டின் எக்ஸ்சேஞ்ச் என்ற மின்னஞ்சல் மென்பொருளின் 2013 பதிப்பு. அதற்கான ஆதரவு 2023 ஏப்ரலிலேயே முடிந்திருந்தது.

நம்மவர்களின் கவனக்குறைவு என்று இதைத் தள்ளிவிட முடியாது. 2017 ஜனவரி 31 இரவு, உலகம் முழுவதும் நிரலாளர்கள் பயன்படுத்தும் கிட்லாப் நிறுவனத்தில் ஒரு பொறியியலாளர் தவறான சேர்வரில் அழிப்புக் கட்டளையைக் கொடுத்தார். நிறுத்துவதற்குள் 300 ஜிபி அளவிலான தரவில் நாலரை ஜிபி மட்டும் எஞ்சியிருந்தது. நாளாந்தப் பேக்கப்பைத் தேடினால் அதன் சேமிப்பிடம் வெறுமையாக இருந்தது. தரவுத்தளம் 9.6 பதிப்பு, பேக்கப் கருவி 9.2 பதிப்பு, பொருந்தாமல் நாள்தோறும் தோற்றிருக்கிறது. தோல்வியை அறிவிக்கும் மின்னஞ்சலும் அனுப்பப்பட்டிருக்கிறது, ஆனால் கையொப்பச் சோதனையில் தேறாததால் யாருக்கும் போய்ச் சேரவில்லை. தற்செயலாக ஆறு மணிநேரம் முன்பு வேறொரு வேலைக்காக எடுத்த பிரதிதான் கைகொடுத்தது. அந்த ஆறு மணிநேரத் தரவு போனது போனதுதான்.

மருதமுனையில் பேக்கப் என்றால் பெரும்பாலும் கணினி மேசையின் லாச்சியில் கிடக்கும் பென் டிரைவ். சிலர் அதைக் கழற்றுவதுகூட இல்லை; ரான்சம்வெயார் வந்தால் அதுவும் சேர்ந்து பூட்டப்படும். 2004 டிசம்பர் 26இல் நாட்டிலேயே அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். கரையோரத்தில் வீட்டோடு காணி உறுதியும் கணக்குப் புத்தகமும் சேர்ந்தே போயின. கடலுக்கு இவ்வளவு கிட்ட வியாபாரம் செய்பவரின் இரண்டாவது பிரதி அதே தெருவில் இருக்கக்கூடாது. அம்பாறை நகரிலோ கண்டியிலோ உள்ள உறவினர் வீட்டில் இருக்கலாம், இணையச் சேமிப்பகத்திலும் இருக்கலாம். வாடிக்கையாளர் விவரம் அதில் உள்ளதால் கடவுச்சொல்லால் பூட்டியே அனுப்ப வேண்டும்; 2022இன் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் தண்டத்தின் உச்சத்தை ஒரு கோடி ரூபாவாக வைத்திருக்கிறது.

பிரதி இருக்கிறது என்ற பேச்சை நம்ப வேண்டாம். மென்பொருள்காரரை மாதம் ஒருமுறை கூப்பிட்டு, அந்தப் பிரதியை வேறொரு கணினியில் உங்கள் கண்முன்னே திறக்கச் சொல்லுங்கள். அதிலுள்ள கடைசி பில் இலக்கத்தையும் அன்றைய திகதியையும் கடைக் கணினியோடு ஒப்பிடுங்கள். பிறகு ‘இ’யில் தொடங்கும் பெயர் ஒன்றையும், மாதத்தின் ஐந்தாம் திகதி விற்பனையையும் தேடச் சொல்லுங்கள்.