ஒலி மிகைப்பியின் வெளிக்கூடு

ஒலி மிகைப்பியின் வெளிக்கூடு என்பது, வீடுகளில் இசை கேட்கப் பயன்படும் மிகைப்பியின் மின்சுற்றுகள், மின்மாற்றி, இணைப்பிகள் ஆகியவற்றைத் தாங்கி மூடியிருக்கும் பெட்டி ஆகும். பேச்சு வழக்கில் ஆம்ப்ளிஃபயர் எனப்படும் இக்கருவியைச் சிலர் ஒலிபெருக்கி என்றும் அழைப்பதுண்டு. அச்சொல் ஸ்பீக்கரையும் குறிப்பதால் இக்கட்டுரையில் மிகைப்பி என்ற சொல்லே ஆளப்படுகின்றது.

பார்வைக்கு இக்கூடு ஒரு அலங்காரப் பெட்டி போலத் தோன்றினும், அது மின்சுற்றின் ஒரு பகுதியாகவே செயற்படுகின்றது. மின்னதிர்ச்சியிலிருந்து பயனரைக் காத்தல், வெப்பத்தை வெளியேற்றுதல், புறக் காந்தப் புலங்களால் எழும் இரைச்சலைத் தடுத்தல், பாரமான உறுப்புகளைத் தாங்குதல் என்பன இதன் பணிகள். அழகு இவற்றுக்குப் பின்னரே வரும். ஆயினும் கடைகளில் விலையைப் பெரிதும் தீர்மானிப்பது அழகே.

வரலாறு

தொடக்ககால வீட்டு மிகைப்பிகள் பெரும்பாலும் வானொலிப் பெட்டியின் மர அடைப்புக்குள் ஒளிந்திருந்தன. 1947 இல் டி. டி. என். வில்லியம்சன் 'வயர்லெஸ் வேர்ல்டு' இதழில் வெளியிட்ட வால்வு மிகைப்பியின் வடிவமைப்பைப் பின்பற்றிப் பலர் தாமே மிகைப்பி கட்டத் தொடங்கினர். அவற்றில் வால்வுகளும் மின்மாற்றிகளும் உலோகத் தட்டின் மேல் வெளிப்படையாக நிற்கும். கம்பி இணைப்புகள் தட்டின் அடியில் மறைந்திருக்கும். 1953 இல் வெளிவந்த பிரித்தானியாவின் குவாட் II மிகைப்பியும் இவ்வகையினதே.

திரிதடையங்கள் (டிரான்சிஸ்டர்கள்) வந்தபின் மிகைப்பி தட்டையான பெட்டியாக மாறியது. டென்மார்க்கின் பேங் அண்ட் ஒலுஃப்சென் நிறுவனத்துக்காக யாக்கோப் யென்சென் வடிவமைத்து 1976 இல் வெளிவந்த பியோமாஸ்டர் 1900, மெலிந்த உருவத்துக்கும் தொடுவிசைகளுக்கும் பெயர் பெற்றது. 1975 இல் வந்த குவாட் 405 இதற்கு நேரெதிரான வழியில் சென்றது. வெப்பம் நீக்கும் அலுமினியச் சிறகுகளையே அது முன்முகமாகக் கொண்டது. வேலை செய்யும் உறுப்பையே அழகாக்கிய இவ்வழியே சிறந்தது எனக் கருத இடமுண்டு.

மின் பாதுகாப்பு

கூட்டின் முதன்மையான கடமை இதுவே. இந்தியாவிலும் இலங்கையிலும் வீட்டு மின்சாரம் 230 வோல்ட்டு, 50 ஏர்ட்சு ஆகும். மின்னோட்டக் கம்பி (பேஸ்) ஒன்று பற்றவைப்பிலிருந்து கழன்று உலோகக் கூட்டைத் தொட்டால் என்ன நிகழும் என்பதைக் கொண்டே வடிவமைப்பைத் தொடங்க வேண்டும்.

கூடு புவியுடன் முறையாக இணைக்கப்பட்டிருந்தால், அத்தடத்தின் மின்தடை 1 ஓம் எனக் கொள்வோம். 200 ஆம்பியருக்கும் மேற்பட்ட மின்னோட்டம் கணநேரம் பாய்ந்து, கருவியிலுள்ள 2 ஆம்பியர் உருகி (பியூஸ்) உடனே எரிந்துவிடும். புவி இணைப்பு இல்லையெனில் உருகி எரியாது. மிகைப்பியும் வழமைபோலப் பாடிக்கொண்டிருக்கும். கூடு மட்டும் 230 வோல்ட்டில், தொடுபவருக்காகக் காத்திருக்கும். உடலினூடாக ஏறத்தாழ 30 மில்லியாம்பியருக்கு மேல் பாய்ந்தால் இதயத்துடிப்பு சீர்குலைந்து உயிரிழப்பு நேரக்கூடும்.

புவி இணைப்பில் பலரும் தவறவிடும் நுட்பம் ஒன்றுண்டு. நிறமேற்றப்பட்ட அலுமினியத்தின் மேற்பரப்பு அலுமினியம் ஆக்சைடால் ஆனது. அது மின்கடத்தாப் பொருள். வண்ணப்பூச்சும் அவ்வாறே. எனவே திருகு பொருந்தும் இடத்தில் பூச்சைச் சுரண்டி நீக்கி, பற்களுள்ள வளையம் இட்டு முடுக்க வேண்டும். மூடி, முன்பலகை, அடித்தட்டு ஆகிய ஒவ்வொன்றும் ஒன்றோடொன்று மின்தொடர்பில் உள்ளனவா என்பதை அளவியால் சோதித்தல் நலம். புவிக் கம்பிக்குரிய திருகை வேறெதனையும் தாங்கப் பயன்படுத்தலாகாது.

ஒலியில் 'ஹம்' என்ற இரைச்சல் எழும்போது, மும்முனைச் செருகியின் பெரிய முனையை நீக்கிவிட்டால் அது நின்றுவிடும் என்ற வழக்கம் பரவலாக உள்ளது. இரைச்சல் நிற்பது உண்மையே. பாதுகாப்பும் அத்துடன் நீங்கிவிடுகின்றது. இரு கருவிகள் தனித்தனியே புவியுடன் இணைந்து கண்ணியாவதே இவ்விரைச்சலுக்குக் காரணம். கூட்டை நேரடியாகப் புவியுடன் இணைத்து, மின்சுற்றின் சைகைப் பொதுமுனையை மட்டும் 10 ஓம் அளவிலான மின்தடையமும் அதற்கு இணையாக எதிரெதிர்த் திசைகளில் அமைந்த பெரிய இருமுனையங்களும் வழியாகக் கூட்டுடன் சேர்ப்பது முறையான தீர்வாகும்.

இரட்டைக் காப்பு கொண்ட கருவிகளுக்குப் புவி இணைப்பு தேவையில்லை. அவற்றின் பின்புறத்தில் ஒன்றினுள் ஒன்றாக இரு சதுரங்கள் கொண்ட குறி காணப்படும். வீட்டில் கட்டுவோர் இம்முறையை முயலாதிருப்பதே நன்று. ஒலி, ஒளிக் கருவிகளின் பாதுகாப்புக்குரிய பழைய பன்னாட்டுச் சீர்தரமான ஐ.இ.சி. 60065 இன் இடத்தை, 2010 இல் முதற்பதிப்பு கண்ட ஐ.இ.சி. 62368-1 எடுத்துக்கொண்டுள்ளது.

வெப்பம்

ஏபி வகுப்பு மிகைப்பி மிக அதிகமாகச் சூடாவது முழு ஒலியில் அன்று. எடுத்துக்காட்டாக, ±35 வோல்ட்டு வழங்கலில் இயங்கி 8 ஓம் ஸ்பீக்கருக்கு 60 வாட்டு தரும் மிகைப்பியை எடுத்துக்கொள்வோம். சைன் அலையில், வெளியீடு ஏறத்தாழப் பாதியாக இருக்கும்போதே அதன் வெப்ப இழப்பு உச்சத்தை, அதாவது சுமார் 31 வாட்டை, அடைகின்றது. இரு தடங்களுக்குமாக 62 வாட்டு. கோடையில் அறை வெப்பநிலை 40 °செ ஆகவும், வெப்பம் நீக்கி (ஹீட்சிங்க்) 70 °செ ஐத் தாண்டாமலும் இருக்க வேண்டுமெனில், 30 ஐ 62 ஆல் வகுக்க, வாட்டுக்குச் சுமார் 0.5 °செ மட்டுமே ஏறக்கூடிய பெரிய வெப்பம் நீக்கி வேண்டும் என்றாகின்றது. இசையின் சராசரித் திறன் சைன் அலையினும் குறைவாதலால் நடைமுறையில் இது தாராளமான கணக்கே. ஆனால் குளிர்நாட்டு வரைபடங்களை அப்படியே பின்பற்றுவோர் 15 பாகை வேறுபாட்டை மறந்துவிடுகின்றனர்.

ஏ வகுப்பு மிகைப்பியோ பாடாதபோதும் கொதிக்கும். டி வகுப்பின் வினைத்திறன் 90 விழுக்காட்டை எட்டுவதால் அதன் கூடு உள்ளங்கை அளவிலும் அமையலாம்.

சிறகுகள் செங்குத்தாக நிற்க வேண்டும். சூடான காற்று மேலெழவும் குளிர்ந்த காற்று கீழிருந்து நுழையவும் அதுவே ஏதுவானது. இதே காரணத்தால் அடித்தட்டிலும் மூடியிலும் துளைகள் தேவை. அடித்தட்டில் துளையிட்டுவிட்டுத் தாழ்ந்த பாதங்களைப் பொருத்தினால் பயனில்லை. துளைகள் விரல் நுழையாத அளவில் இருக்க வேண்டும். நம் பகுதிகளில் பல்லியும் கரப்பானும் வெதுவெதுப்பான இடம் தேடி நுழைவது வழமை என்பதால், துளைகள் இன்னும் சிறியனவாக, எண்ணிக்கையில் பலவாக இருப்பது நலம். மின்பகு மின்தேக்கிகளின் ஆயுள் 10 °செ ஏற்றத்துக்கு ஏறத்தாழப் பாதியாகக் குறையுமாதலால் அவற்றைச் சிறகுகளுக்கு அருகில் வைத்தல் தகாது.

வால்வு மிகைப்பிகளில் குழல்களின் கண்ணாடியே தொட்டவுடன் சுடுமளவுக்குச் சூடேறும். உள்ளே 300 முதல் 450 வோல்ட்டு வரையிலான நேர்மின்னழுத்தமும் இருக்கும். சிறுவர் உள்ள வீட்டில் கம்பிக்கூண்டு இன்றியமையாதது. அதைக் கழற்றிவிட்டுப் படம் எடுப்பதே வழக்கமாகிவிட்டது.

பொருளும் காந்தப் புலமும்

அலுமினியம் அறுக்கவும் துளையிடவும் எளிது. வெப்பத்தை எஃகைவிடப் பன்மடங்கு நன்றாகக் கடத்தும். ஆனால் மின்மாற்றியிலிருந்து கசியும் 50 ஏர்ட்சு காந்தப் புலத்தை மெல்லிய அலுமினியத் தகடு தடுப்பதில்லை. அந்த அதிர்வெண்ணில் புலம் அலுமினியத்தினுள் ஊடுருவும் ஆழம் ஏறத்தாழ 12 மில்லிமீட்டர். மென்னெஃகு தன் காந்த உட்புகுதிறனால் புலத்தைத் தன்னுள்ளே வளைத்துக்கொள்கின்றது. ஆகையால் எஃகு அடித்தட்டும் மூடியும், அலுமினிய முன்பலகையும் சிறகுகளும் என்ற கலப்பே பெரும்பான்மை. மரம் அழகானது. எனினும் அது வெப்பத்தையும் கடத்தாது, மின்புலத்தையும் மறைக்காது; உலோகக் கூட்டுக்கு மேலாடையாக மட்டுமே பொருந்தும்.

வளைய வடிவ மின்மாற்றியை நடுவே ஒரு நீண்ட திருகால் அடித்தட்டுடன் பிணைப்பர். அத்திருகின் மேல்முனை உலோக மூடியையும் தொட்டுவிட்டால், திருகும் மூடியும் அடித்தட்டும் சேர்ந்து மின்மாற்றியைச் சுற்றிய ஒற்றைச் சுற்றாகிவிடும். அக்குறுக்குச் சுற்றில் மிகப்பெரும் மின்னோட்டம் பாய்ந்து உருகி எரியும். தவறான உருகி இட்டிருந்தால் மின்மாற்றியே எரியும். சுற்றுப்படம் எதுவும் இப்பிழையைக் காட்டாது.

அமைப்பும் அளவும்

ஒலிப்பதிவுக் கூடங்களுக்குரிய அடுக்குச் சட்டத்தின் அகலம் 19 அங்குலம் (482.6 மிமீ), ஓர் அலகு உயரம் 44.45 மிமீ. வீட்டுக் கருவிகளின் அகலம் பெரும்பாலும் 430 மிமீ அளவில் அமைகின்றது. மின்மாற்றி ஒரு மூலையிலும் உள்ளீட்டு இணைப்பிகள் எதிர்மூலையிலும் இருப்பது மரபு. ஒலியளவுக் குமிழ் முன்புறம் இருந்தாலும், அதனுடன் இணைந்த மாறுதடையத்தைப் பின்புறம் வைத்து நீண்ட தண்டால் இணைத்தால் மெல்லிய சைகைக் கம்பிகளின் நீளம் குறையும்.

சென்னை ரிச்சி தெரு போன்ற சந்தைகளில் துளைகளுடன் கூடிய ஆயத்தப் பெட்டிகள் கிடைக்கின்றன. அவற்றை வாங்குவோர் தகட்டின் தடிப்பையும் புவி இணைப்புக்கான திருகு உள்ளதா என்பதையும் பார்த்து வாங்குதல் வேண்டும். 10 மிமீ தடித்த முன்பலகையால் ஒலி மேம்படும் என்ற கூற்றுக்கு வலுவான சான்று இல்லை. வால்வுகள் அதிர்வை ஓரளவு மின்சைகையாக மாற்றுவது மெய். திரிதடைய மிகைப்பிகளில் அது மிகச் சிறிது. மின்மாற்றியின் எடையில் வளையாத அடித்தட்டு இருந்தால் போதுமானது.