சுளகும் லேப்டாப்பும்

வீட்டிலிருந்து வேலை பார்ப்பது எங்கள் தென்காசிச் சீமைக்கு 2020 ஊரடங்கில் வந்த புதுப் பழக்கம் அல்ல. கடையம், ஆழ்வார்குறிச்சிப் பக்கம் தெருவுக்குள் நுழைந்தால் மடியில் சுளகை வைத்துப் பீடி சுற்றும் பெண்களைப் பார்க்கலாம். என் அம்மாவும் அப்படிச் சுற்றித்தான் எங்களை வளர்த்தாள். இன்று அதே வீட்டு மாடியறையில் உட்கார்ந்து சென்னை நிறுவனம் ஒன்றுக்கு மென்பொருள் சோதனை வேலை செய்கிறேன். மகளுக்கு ஐந்து வயது, மகனுக்கு இரண்டு. வீட்டிலிருந்தே சம்பாதிக்கும் தாய்க்கு எது வசதி, எது பாரம் என்று கேட்பவர்களுக்கு அம்மா கதையையும் என் கதையையும் சேர்த்துத்தான் பதில் சொல்வேன்.

பால்குடிப் பிள்ளைக்குக் கிடைத்த நன்மை

மகள் பிறந்தபோது மேடவாக்கத்தில் குடியிருந்தோம். விடுப்பு முடிந்து சோழிங்கநல்லூர் அலுவலகத்துக்குப் போகத் தொடங்கியதும், சாயங்கால நெரிசலில் பால் கட்டி மார்பு வலிக்க வலிக்கப் பேருந்தில் நின்று வந்திருக்கிறேன். வீடு சேரும்போது பிள்ளை புட்டிப்பாலைக் குடித்துவிட்டுத் தூங்கியிருக்கும்.

மகப்பேறு சட்டத்தில் 2017-ல் வந்த திருத்தம், முதல் இரண்டு குழந்தைகளுக்குச் சம்பளத்தோடு கூடிய விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்த்தியது. அதில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுத்துக்கொள்ளலாம். அப்படி எடுத்தால் பிறகு மிஞ்சுவது 18 வாரம். பிள்ளைக்கு நாலு மாதம் ஆனதும் வேலைக்குத் திரும்பியாக வேண்டும். உலக சுகாதார நிறுவனமோ ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே கொடுக்கச் சொல்கிறது. நடுவில் விழும் பள்ளத்தை அடைக்க அதே திருத்தத்தில் ஒரு வழி இருக்கிறது. வேலையின் தன்மை இடம் கொடுத்தால், நிறுவனத்தோடு பேசி முடிவு செய்து, விடுப்புக்குப் பிறகும் வீட்டிலிருந்து வேலை பார்க்கலாம். மகன் பிறந்தபோது நான் எழுதிக் கேட்டு வாங்கியது இதைத்தான். அவன் பசித்து அழுதால் நான் மாடிப்படி இறங்கினால் போதும். சென்னை வாடகையும் மிச்சம். பிள்ளைகள் ஆச்சி மடியில் வளர்கிறார்கள்.

பக்கத்தில் இருப்பது வேறு, பார்த்துக்கொள்வது வேறு

அம்மா சொல்வாள்: "நீ அழுதா சுளகை வச்சிட்டு எந்திச்சிருவேன். சாயங்காலம் கணக்குல அம்பது பீடி குறையும், அம்புட்டுதான்." பீடிக்கு எண்ணிக்கைக் கூலி. பிள்ளைக்காக எழுந்தால் கூலி குறையும், ஆனால் எழுந்துவிட முடியும். எனக்கு மாதச் சம்பளம் குறையாது, ஆனால் நடுக்கூட்டத்தில் எழ முடியாது. அமெரிக்க வாடிக்கையாளரின் காலை நமக்குச் சாயங்காலம். பிள்ளைகள் வீட்டுப்பாடத்தோடும் பசியோடும் அம்மாவைத் தேடுகிற ஏழு மணிக்குத்தான் எனக்கு முக்கியமான அழைப்பு வரும். அந்நேரம் இரண்டு பேரையும் வைத்துக்கொள்ள ஆச்சி இல்லையென்றால் இந்த வேலையே எனக்கு இல்லை. அவள் உழைப்புக்கு யாரும் சம்பளம் கொடுப்பதில்லை.

அதே 2017 திருத்தம், 50 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனங்கள் குழந்தைகள் காப்பக வசதி செய்து தர வேண்டும் என்றது. தாய் ஒரு நாளில் நான்கு தடவை போய்ப் பிள்ளையைப் பார்த்துவரலாம். வீட்டிலிருந்து வேலை பார்ப்பவளுக்கு சென்னையில் இருக்கும் காப்பகத்தால் என்ன பயன்? நிறுவனம் ஏற்க வேண்டிய பொறுப்பு, சத்தமில்லாமல் பாட்டிமார் தலையில் இறங்கிவிடுகிறது.

இன்னொரு பாரம் வீட்டு வேலை. 2019-ல் தேசியப் புள்ளியியல் அலுவலகம் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதில் ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுவதாகத் தெரிந்தது. ஆண்களுக்கு 97 நிமிடம். அதுவும் அந்த வேலையில் கை வைத்த ஆண்களே நூற்றுக்கு 26 பேர்தான். அலுவலகத்துக்குப் போகும் பெண்ணுக்கு ஒன்பது மணிக்கு மேல் சமையலறையிலிருந்து விடுதலை உண்டு. வீட்டிலிருப்பவளுக்கு அதுவும் இல்லை. சிலிண்டர் வாங்குவது, கல்யாணப் பத்திரிகையோடு வருபவர்களுக்குக் காப்பி போடுவது எல்லாம் "நீ வீட்லதானே இருக்கே" என்று வந்து சேரும்.

எங்கள் வீட்டில் இதைப் பேசி மாற்றினோம். என் கணவர் பள்ளி ஆசிரியர். சாயங்காலம் வந்ததும் வீட்டுப்பாடமும் ராத்திரிச் சாப்பாடும் அவர் பொறுப்பு. மதியம் இரண்டு மணி நேரம் நான் பிள்ளைகளோடு இருப்பேன் என்பதை மேலாளருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அந்நேரம் யாரும் அழைப்பதில்லை. சாரல் காலத்துக் காற்றில் மின்சாரம் போகும் என்பதால் இன்வெர்ட்டர் வைத்தோம். செலவில் பாதியைத் தரும்படி நிறுவனத்திடம் கேட்டேன், தந்தார்கள்.

பீடிப் பெண்கள் வென்றது

வீட்டில் பீடி சுற்றுபவரும் தொழிலாளிதான் என்று 1966-ல் வந்த பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் ஏற்றுக்கொண்டது. வருங்கால வைப்பு நிதியும் அவர்களுக்கு உண்டு என்று 1985-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. புகையிலைத் தூளில் உழைத்த, பலர் பள்ளிக்கே போகாத பெண்களுக்குக் கிடைத்த உரிமைகள் இவை. வேலை வீட்டுக்குள் வந்தால் தொழிலாளியின் உரிமையும் கூடவே வரவேண்டும் என்பதை நான் அவர்களிடம் கற்றேன்.

ஆகவே வீட்டிலிருந்து வேலை கேட்கும் தாய்மாருக்கும், தகப்பன்மாருக்கும் சொல்கிறேன்: அனுமதி கிடைத்ததோடு நிறுத்தாதீர்கள். வேலை நேரத்தின் தொடக்கத்தையும் முடிவையும் எழுத்தில் வாங்குங்கள். காப்பகம் தர முடியாத நிறுவனத்திடம் அதற்கான செலவைக் கேளுங்கள். அங்கன்வாடியோடு காப்பகத்தையும் சேர்த்து நடத்த ஒன்றிய அரசின் பால்னா திட்டத்தில் வழி இருக்கிறது. அது உங்கள் ஊருக்கு வர ஊராட்சியில் மனுக் கொடுங்கள். வேலை நேரத்தில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள இன்னொரு ஆள் இருந்தால்தான் வீட்டிலிருந்து செய்யும் வேலை நன்மை. அந்த ஆளுக்கு ஏற்பாடு செய்யும் பொறுப்பில் வேலை கொடுப்பவருக்கும் பங்கு உண்டு.