பாற்கலங்களிற் கறள் படியாது காத்தல்

கறையில் உருக்கினாற் செய்த பாற்கலத்தை நல்ல விலை கொடுத்து வாங்கிய பண்ணையாளர், சில கிழமைகளில் அதன் அடியிலும் மூட்டிலும் செந்நிறப் புள்ளிகளைக் கண்டு மனம் நோவதுண்டு. பெரும்பாலும் குற்றம் உருக்கினுடையதன்று.

இவ்வுருக்கிற் குறைந்தது நூற்றுக்கு 10.5 பங்கு குரோமியம் உண்டு. பாற்கலங்களுக்குப் பெரிதும் வழங்கும் வகையில் ஏறக்குறைய 18 பங்கு குரோமியமும் 8 பங்கு நிக்கலும் உள. குரோமியம் காற்றிலுள்ள ஒட்சிசனுடன் கூடி, கண்ணுக்குப் புலப்படாத மெல்லிய படலமாகிறது. கலத்துக்குக் கவசம் இப்படலமே. கீறல் விழுந்தாலும் காற்றுப் பட்டதும் இது மீண்டும் உண்டாகும்.

ஆயின், ஆயுதங்களிலிருந்தும் இரும்புத் தும்பிலிருந்தும் உதிரும் இரும்புத் துகள் மேற்பரப்பிற் பதிந்தால், அது கறள் பிடித்து அவ்விடத்துப் படலத்தையும் கெடுக்கும். நாளடைவிற் சிறு குழிகள் விழும். குழியில் தங்கும் பாலிற் கிருமி பெருகும், மறுநாள் ஊற்றும் பாலும் புளிக்கும், உழைப்பு வீணாகும்.

இதற்குப் பரிகாரம் அமிலத்தாற் கழுவுதலாகும். முதலிற் சவர்க்கார நீரால் எண்ணெய்ப் பசையை முற்றாக நீக்குக. பசையுள்ள இடத்தில் அமிலம் பற்றாது. பின்னர் ஒன்பதரை லீற்றர் நீரில் 500 கிராம் சித்திரிக்கமிலத்தைக் கரைத்து, 21 முதல் 49 பாகை செல்சியசு வரையான வெப்பநிலையிற் குறைந்தது 20 நிமிடம் கலத்தில் நிற்க விடுக. அமிலம் இரும்புத் துகளைக் கரைக்கும், குரோமியத்தைத் தீண்டாது. இறுதியாகத் தூய நீரிற் பலமுறை அலசி, காற்றில் உலர்த்துக.

ஆலைகளில் நைத்திரிக்கமிலமும் வழங்குவதுண்டு. அதன் புகை நுரையீரலுக்குக் கேடாதலால் வீட்டில் அதனைக் கையாளலாகாது. உருக்கி ஒட்டிய மூட்டிலுள்ள கருமை இம்முறையால் நீங்காது. அதனைத் தொழிலறிந்தவரைக் கொண்டு முன்னரே அகற்றுவித்தல் வேண்டும். ஆழமான குழி விழுந்த கலமும் அமிலத்தாற் சீராகாது. அதிற் பால் வைத்தல் கூடாது.

கழுவிய கலத்தை ஒரு நாள் முழுவதும் மாறி மாறி நனைத்தும் உலர்த்தியும் பார்க்க. செம்புள்ளி தோன்றாவிடின் வேலை செவ்வனே முடிந்ததெனக் கொள்க.

அமிலத்தைக் கையாளுங்கால் இறப்பர்க் கையுறையும் கண்ணுக்குக் காப்பும் அணிதல் வேண்டும். வெளிற்றுந்தூளை அமிலத்துடன் ஒருபோதும் சேர்க்கற்க; நச்சு வாயுவாகிய குளோரீன் எழும். வெளிற்றுந்தூட் கரைசலைக் கலத்தில் இரவு முழுவதும் விடுவதும் படலத்தை அரிக்கும். கலத்தைத் தேய்க்க நார்த்தும்பே போதும்.