கடல் கடந்து வாழ்வோரின் பிள்ளைக்கு எந்த விசா?

பிள்ளைப்பேற்றுக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துவருதல் நம்மவரின் நெடுநாள் வழக்கம். இலண்டனில் வதியும் பெண்களும் அதனை முற்றாகக் கைவிட்டாரல்லர். என்னிடம் கல்வி பயின்ற ஒருத்தி அவ்வாறே யாழ்ப்பாணம் வந்து மகவீன்றாள். அவளும் கணவனும் இங்கிலாந்தில் நிரந்தர வதிவுரிமை பெற்றவர்கள். பிரித்தானியப் பிரசாவுரிமை இன்னும் பெறாதவர்கள். "எங்களுக்குள்ள உரிமை பிள்ளைக்கும் உண்டுதானே, சேர்?" என்று கேட்டாள்.

இல்லை என்பதே விடை. 1983ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதி நடைமுறைக்கு வந்த பிரித்தானியத் தேசியச் சட்டத்தின்படி, அப்பிள்ளை இலண்டனிற் பிறந்திருப்பின் பிறக்கும்போதே பிரசையாகியிருக்கும். யாழ்ப்பாணத்திற் பிறந்தமையால் அவ்வுரிமை கிட்டவில்லை. பெற்றோருள் ஒருவரேனும் பிள்ளை பிறக்குமுன் அங்கே விண்ணப்பித்துப் பிரசையாகியிருந்தால் நிலைமை வேறு, பிள்ளையும் பிரசையே. விசா வேண்டியதில்லை, கடவுச்சீட்டு எடுத்தாற் போதும். ஆதலால் முதலில் ஆராயவேண்டியது விண்ணப்பப் படிவத்தையன்று, பிள்ளை பிறந்த நாளில் பெற்றோர் இருந்த நிலையையே.

பலர் வழுக்குமிடம் ஒன்றுண்டு. வருகையாளர் விசாவுக்குக் கட்டணம் குறைவு. "முதலிற் கொண்டுபோவோம், பின்பு மாற்றிக்கொள்வோம்" என்பர் உறவினர். அவ்விசாவில் வழக்கமாக ஆறு மாதமே தங்கலாம். அங்கு சென்றபின் அதனைக் குடும்ப விசாவாக மாற்றுதற்கு விதிகள் பொதுவாக இடந்தருவதில்லை. நிலையாக வாழப்போகும் குழந்தையை விருந்தினர் என்று எழுதுவது பொய்யுமாகும்.

தாய் தந்தை இருவரும் நிரந்தர வதிவுரிமை உடையோராயின், குடியமர்வு விசாவே உரிய வழி. பிள்ளைக்கும் கால எல்லையற்ற அனுமதி கிடைக்கும். தந்தைக்கு மட்டும் அவ்வுரிமை இருந்து, தாய் இப்பொழுதுதான் மனைவியென்ற முறையில் விசா கோருவாளாயின், தாயைப் போலவே பிள்ளைக்கும் காலவரையறையுள்ள அனுமதியே. ஒருவர் அங்கிருக்க, மற்றவர் இங்கேயே தங்கிவிடின், பிள்ளையின் முழுப் பொறுப்பும் தம்முடையதே என்று அங்குள்ளவர் நிறுவுதல் வேண்டும். மாதந்தோறும் காசு அனுப்பினேன் என்பது அதற்குப் போதாது. எந்தப் பாடசாலை, என்ன வைத்தியம் என்று தீர்மானித்தவர் யார் என்றே அதிகாரிகள் நோக்குவர். அனுமதிப் படிவங்களில் அம்மம்மாவின் ஒப்பத்தையே கண்டு பழகிய எனக்கு, இது எளிதில் நிறுவத்தக்கதென்று தோன்றவில்லை.

பொதுநிதியை நாடாமற் பிள்ளையைப் பேணுவதற்கு வருமானமும் வீடும் உண்டெனக் காட்டவேண்டும். தமிழிலுள்ள பிறப்புச் சான்றிதழுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பும் வேண்டும். தாயும் இங்கே நெடுநாள் தங்கிவிடலாகாது. தொடர்ந்து ஈராண்டுக்கு மேல் அந்நாட்டுக்கு வெளியே இருந்தால் அவளது வதிவுரிமையே பொதுவாக அற்றுப்போகும். என் மாணவி மொழிபெயர்ப்பாளரைத் தேடி அன்று மாலையே புறப்பட்டுவிட்டாள்.